பசியெடுக்காத கட்டி

என் கண்ணுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ இதை ஒழுங்காகப் படிக்கமாட்டாய். நான் நன்றாக இருக்கிறேன். காலையில் களி கிண்டி, கீரை கடைந்து, உன் அப்பாவோடு ஒரு சின்னச் சண்டையும் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஸ்கேன் முடிந்துவிட்டது. ஆமாம், ஆடிக் கடைசியில் எடுக்கவேண்டிய அதே ஸ்கேன்தான். போன வியாழக்கிழமை முகூர்த்தப் பட்டு பார்க்க பெங்களூர் போகிறோம் என்று சொன்னோமே, அன்றைக்கு முதலில் போனது ஆஸ்பத்திரிக்கு. பிறகு பட்டும் பார்த்தோம், அதனால் நான் சொன்னது பொய்யில்லை. ரிசல்ட் என்ன என்று கடைசியில் சொல்கிறேன். கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற கெட்ட பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இதில் அந்த வேலையைச் செய்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ரிசல்ட்டை மட்டும் சொல்வதாக இருந்தால் ஒரு போஸ்ட் கார்டு போதுமே, நான் எதற்கு இத்தனை தாளை வாங்கிவரச் சொல்லியிருப்பேன்?

அன்றைக்கு போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "ஸ்கேன் ரிசல்ட் வரட்டும்மா, அப்புறம் முகூர்த்தத்தப் பாத்துக்கலாம். அவர்கிட்டயும் சொல்லிட்டன்" என்று நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டாய். நான் நின்றிருந்ததோ எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. வெளியே ஷிப்ட் முடிந்து வந்த பையன்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். பூத்காரர் மீட்டரைப் பார்க்கிற சாக்கில் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே நின்று உன்னைத் திட்ட எனக்கு வரவில்லை. "சரி கண்ணு, பாக்கலாம்" என்று வைத்துவிட்டு வந்தேன். நான் ஒன்றும் சரி என்று ஒப்புக்கொள்ளவில்லை. நீ இப்படிச் செய்வது இது முதல் தடவையும் இல்லை. கம்பெனியில் புனேவுக்கு டிரெய்னிங் அனுப்புகிறோம் என்றபோது, அம்மாவுக்கு ஸ்கேன் வருகிறது என்றாய். முதலில் வந்த நல்ல வரனுக்கும் அதே பதில். என் மண்டைக்குள் இருக்கிற ஒரு கட்டி உன் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு நீயும் துணை போகிறாய். அதனால்தான் அந்தக் கட்டியின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். பாதிதான் உனக்குத் தெரியும். அப்போது நீ கிருஷ்ணகிரியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், பரீட்சை நேரம் என்று பாதியை நாங்கள் விழுங்கிவிட்டோம்.

நான் ஓசூர் பஜாரில் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். என் பிழைப்பே வாய்தான். தளியிலிருந்து வருகிறவளிடம் தெலுங்கு, அத்திப்பள்ளிக்காரியிடம் கன்னடம், சூளகிரிக்காரியிடம் தமிழ். எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு தானாக மாறிக்கொள்ளும். முதலாளி பாய் அடிக்கடி சொல்வார், "சேலைய விக்கிறது நூல் இல்லம்மா, உங்க பேச்சு" என்று. அன்றைக்கு ஒரு கன்னடக்கார அம்மா கல்யாணத்துக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை விரித்துக் காட்டுகிறேன், என்ன விலை என்று கேட்கிறார். விலை எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறக்கிறேன், ஒன்றும் வரவில்லை. கன்னடம் வரவில்லை, சரி, தமிழில் சொல்வோம் என்று பார்த்தால் அதுவும் இல்லை. வலது பக்க உதடு யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி கோணிப்போனது. வலது கை தானாக வெட்டி வெட்டி ஆடியது, சேலையெல்லாம் கீழே விழுந்தது. வலிப்பு என்று யாரோ ஷட்டர் சாவியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிகிறது, கேட்கிறது. "சாவியெல்லாம் எதுக்கு, ஆட்டோ கூப்புடுங்க" என்று கத்தவேண்டும்போல் இருக்கிறது. வாய் மட்டும் என்னுடையதாக இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. நான் பேசிய முதல் வார்த்தையே அந்தச் சேலையின் விலைதான். பாய் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அப்புறம் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரி, சி.டி. ஸ்கேன், இடது பக்கம் கட்டி. இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, ஆபரேஷன் டாக்டர் எங்களிடம் சொன்னது. படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "கட்டி இருக்குதுன்னு இந்தப் படம் சொல்லுது. என்ன ரகம்னு சொல்லாது. சில கட்டி வருஷக்கணக்கா சும்மா கிடக்கும். சிலது மாசத்துல பரவிடும். கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஆனா இது இருக்கற இடம் பேச்சு இருக்கற இடம். கிள்ளப் போனா பேச்சு போனாலும் போயிடும்." நான் அவரைக் கேட்டேன், "எனக்கு மூணு பாஷை தெரியும் டாக்டர், ஒண்ண எடுத்துக்கிட்டு ரெண்ட விட்டுற முடியாதா?" என்று. அவர் சிரித்தார். உன் அப்பா சிரிக்கவில்லை. நானும் உள்ளுக்குள் சிரிக்கவில்லை, கண்ணு. பேச்சுப் போனபிறகு உயிரோடு இருப்பவள் யாரோ ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று நினைத்தேன். உன் கல்யாணத்தில் பொம்மைபோல் ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, வருகிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவதுபோல் கண்முன்னால் வந்தது. செத்துப்போவதைவிட அதற்குத்தான் பயந்தேன்.

அந்த டாக்டர்தான் இன்னொரு வழி சொன்னார். அதே ஆஸ்பத்திரியில் வேறொரு பிரிவில் புதிதாக ஒரு ஸ்கேன் எடுக்கிறார்கள், கட்டி எவ்வளவு வேகமானது என்று கத்தி வைக்காமலே ஓரளவு கணிக்கலாம், போய்ப் பாருங்கள் என்று. அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா, கன்னடக்காரர், என்னைவிடச் சின்னவர். எனக்காகத் தமிழில் பேச ஆரம்பித்து நடுநடுவே கன்னடத்துக்குப் போய்விடுவார். "ஹெதர்பேடி அம்மா, பயமே வேண்டாம்" என்று கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார், "போட்டோவுல ஒரு ஆள் நிக்கறது தெரியும். அவனுக்கு எவ்ளோ பசின்னு தெரியுமா? தெரியாது. அவன் முன்னாடி சோத்த வெச்சாத்தான் தெரியும். நாங்க தேலியம்னு ஒரு மருந்த ரத்தத்துல விடுவோம். வேகமா வளர்ற கட்டிக்கு அகோரப் பசி, அது அள்ளி அள்ளி எடுத்துக்கும். சாதுவான கட்டி அவ்வளவா தொடாது. அந்த மருந்துல இருந்து கதிர் வரும். எங்க நிறைய வருதுன்னு கேமரா பாத்துச் சொல்லிடும்." எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சோறு போட்டுப் பார்த்து ஆளை எடைபோடுவது நமக்கு என்ன புதுசா?

ஆனால் கதிர் என்ற வார்த்தையைக் கேட்டதும் உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "எந்திரிம்மே, போலாம்" என்றார்.

உன் அப்பாவின் வேலை உனக்குத் தெரியும், ஆனால் நீ அதைச் சரியாக யோசித்துப் பார்த்திருக்கமாட்டாய். ஃபவுண்டரியில் வார்த்து எடுக்கிற இரும்புக்குள் காற்றுக்குழி, வெடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று படம் எடுக்கிற பிரிவு. அங்கே ஈயப் பெட்டிக்குள் கதிர் வீசுகிற ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. சோர்ஸ் என்பார்கள். வேலை நேரத்தில் மஞ்சள் கயிறு கட்டி, சிவப்பு விளக்குப் போட்டு, மணி அடித்து, எல்லோரையும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றி அதை வெளியே தள்ளுவார்கள். அதன் கதிர் இரும்பைத் துளைத்துப் போய்ப் பின்னாலிருக்கிற பிலிமில் விழும். வேலை முடிந்து, சோர்ஸ் பெட்டிக்குள் திரும்பிப் போய்விட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு ஊட்டப்பட்ட பாடம் ஒன்றே ஒன்று: தள்ளி நில். நீ கைக்குழந்தையாக இருந்தபோது, அவர் குளித்துவிட்டுத்தான் உன்னைத் தூக்குவார். அது பெட்டிக்குள் மூடியிருக்கிற சாமான், சட்டையில் ஒட்டிக்கொண்டு வராது என்று கம்பெனியிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இருந்தும் குளிப்பார். நம் மத்திகிரி லைன் வீடுகளிலேயே சாயங்காலம் குளித்துச் சுத்தமாக இருக்கிற ஒரே புருஷன் என்னுடையவர்தான் என்று நானும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட மனுஷனிடம் போய், உன் பெண்டாட்டியின் நரம்பில் கதிர் வீசுகிற மருந்தை ஏற்றப்போகிறோம் என்றால்? "நாங்க அத இடுக்கியில கூடத் தொடமாட்டோம் மேடம். நீங்க ரத்தத்துல ஏத்தறன்றீங்க" என்று டாக்டரம்மாவிடம் குரல் உயர்த்தினார். அந்த அம்மா கோபப்படவில்லை. உங்களுடையது இரும்பைத் துளைக்கிற பலமான சாமான், இது தோலைத் தாண்டி வெளியே வந்தால் போதும் என்கிற அளவுக்கு மெலிந்தது, சில நாளில் பாதியாகி அப்படியே அடங்கிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். உன் அப்பா காதில் ஏறவே இல்லை. என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை முன்னால் எங்களுக்குள் பெரிய சண்டை. "தெரிஞ்சே எப்படிம்மே உன்னய அதுக்குக் குடுப்பன்? நான் தினம் பாக்கறவன்" என்றார். "தெரிஞ்சவர் இல்ல நீங்க, பயந்தவர். ரெண்டும் வேற. அங்க கத்தி, இங்க ஊசி. கத்தி வெச்சா நாக்குப் போயிரும். நாக்கு என்னுது, ஊசியும் எனக்குத்தான். நீங்க வேணும்னா கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்குங்க" என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அந்த மருந்தை அவர்கள் வைத்திருந்து கொடுக்க முடியாது. எங்கிருந்தோ வரவேண்டும், வருகிற நாளில் போட்டாகவேண்டும். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அன்றைக்குக் காலையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் உன் அப்பா டிபன் டப்பாவைத் திறந்தார். பசிக்கிறதாக்கும் என்று பார்த்தால், உள்ளேயிருந்து அவருடைய பேட்ஜை எடுக்கிறார். சோர்ஸ் பக்கம் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நெஞ்சில் குத்திக்கொள்வார்களே, அது. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதை அனுப்பிச் சோதித்து எழுதிக் கொடுப்பார்கள். கேட்டைத் தாண்டி அதைக் கொண்டுவரவே கூடாது. "இத உள்ளாற குத்திக்கோ" என்றார். "எதுக்கோசரம்?" என்றேன். "சும்மா இருக்கட்டும். எவ்ளோ போட்டாங்கன்னு தெரியணும் இல்ல?" அதற்கு மேல் அந்த மனுஷனோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஜாக்கெட்டின் உட்புறம் குத்திக்கொண்டேன். அவருக்குத் தெரிந்த ஒரே காவல் அதுதான், கண்ணு. வேறு என்ன செய்வார்?

ஊசி ஒன்றுமே இல்லை. படுக்கவைத்துத் தலை அசையாமல் பட்டை போட்டுக் கட்டினார்கள். பெரிய தட்டு ஒன்று என் தலையைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து நின்றது. பேசக்கூடாது, அசையக்கூடாது. அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது என் பிறவியிலேயே அதுதான் முதல் தடவை. உன் அப்பா கதவுக்கு வெளியே நின்றபடி அங்கிருந்த டெக்னீஷியனைக் கேட்கிறார், "இந்த மிஷின்ல சோர்ஸ் எந்தப் பக்கம் இருக்குதுங்க?" என்று. அந்தப் பையன் சிரித்துவிட்டான். "மிஷின்ல ஒண்ணும் இல்லங்க. அது பாக்க மட்டும்தான் செய்யும். உங்க சம்சாரம்தான் இப்ப சோர்ஸ்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா, அசையாதீங்க" என்று அதட்டு விழுந்தது. உன் அப்பா வாசற்படியைத் தாண்டவில்லை.

படம் வந்ததும் டாக்டரம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சி.டி.யில் கட்டி பளிச்சென்று இருந்தது. இந்தப் படத்தில் மண்டையைச் சுற்றி ஒரு வளையம், கண்ணுக்கும் மூக்குக்கும் பக்கத்தில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். கட்டி இருக்கவேண்டிய இடம், எதிர்ப்பக்கம் எப்படி மங்கலாக இருந்ததோ அப்படியே இருந்தது. "நோடி அம்மா, பாருங்க, சோத்தப் போட்டோம், இவர் தொடவே இல்ல. இதுக்கு இப்போ பசி இல்ல" என்றார். "இப்போன்னா?" என்று கேட்டேன். "அதுக்கு மேல சொன்னா நான் பொய் சொல்றதா ஆயிடும். இது நூத்துக்கு நூறு சொல்ற ஸ்கேன் இல்ல. ஆனா இப்போ கத்தி வேண்டாம், மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு கவனிச்சிக்கிட்டு இருப்போம்னு சொல்ல இது போதும்" என்றார். அந்த "இப்போ"வை நான் அன்றைக்கே மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. மடியில் ஒரு நல்ல பட்டுச்சேலையை வைத்துக்கொண்டு வருகிற சந்தோஷம்தான் எனக்கு.

திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அப்பா என் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்று நான்கு சீட் தள்ளிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பழக்கதோஷம். பக்கத்தில் உட்காரலாம், ஒன்றும் ஆகாது, சின்னக் குழந்தைகளை மட்டும் இரண்டு நாள் மடியில் வைத்துக்கொள்ளவேண்டாம் என்று டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். நான் திரும்பிப் பார்த்தால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பாதி ஜனம் இறங்கிவிட்டது. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் எழுந்து வந்து, என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். "தள்ளி உக்காருங்க, நான்தான் சோர்ஸ்" என்றேன். "பின்னாடி ஒரே கூட்டம், எடம் இல்ல" என்றார். பின்னால் ஒருத்தரும் இல்லை, கண்ணு. ஓசூர் வரும்வரை என் கையை விடவில்லை. அந்த மனுஷன் என்னிடம் ஆசையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று நான் எத்தனை தடவை உன்னிடமே குறைப்பட்டிருக்கிறேன்! அன்றோடு அந்தக் குறையை விட்டுவிட்டேன்.

பேட்ஜ் கதைதான் உனக்கு இன்றுவரை தெரியாது. அவர் அதைத் திரும்பக் கொண்டுபோய்ப் பலகையில் மாட்டிவிட்டார், அதுவும் மற்றதோடு சேர்ந்து சோதனைக்குப் போய்விட்டது. சில மாதம் கழித்து அறிக்கை வருகிறது. மற்றவர்களுக்கு வழக்கம்போல ஒன்றுமில்லை. உன் அப்பா பேருக்கு நேரே மட்டும் கதிர் பட்டிருக்கிறது. ஆபத்தான அளவு இல்லை, ஆனால் எங்கிருந்து பட்டது? பெட்டியில் கசிவா, கயிற்றைத் தாண்டினாரா? சோர்ஸ் வேலையையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். இவர் வாயைத் திறந்தால் பேட்ஜை வெளியே கொண்டுபோன குற்றம், திறக்காவிட்டால் கூட வேலை செய்கிறவர்கள் மேல் சந்தேகம். இரண்டு நாள் சாப்பிடாமல் சுற்றினார். என்ன என்று நான் பிடுங்கிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மறுநாள் அவரையும் இழுத்துக்கொண்டு ஃபவுண்டரி கேட்டுக்கே போய், சேஃப்டி ஆபீசரைப் பார்க்கவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டி, "சார், நீங்க தேடிக்கினு இருக்கற கதிரு என் தலையில இருந்து வந்துது. இவுரு மேல தப்பு இருக்குது, ஆனா நீங்க நெனைக்கற தப்பு இல்ல" என்றேன். அவர் முதலில் முழித்தார். அப்புறம் அறிக்கையை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது மெலிசான கதிர்னு எழுதியிருக்காங்க, நம்ம சோர்ஸ் மாதிரி இல்லைன்னு மூணு நாளா மண்டைய ஒடச்சிக்கிட்டிருந்தேன்மா" என்று நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு உன் அப்பாவுக்குக் கடுமையாக ஒரு எச்சரிக்கையும் கொடுத்து, பிலிம் கழுவுகிற அறைக்கு மாற்றிவிட்டார். அப்பா ஏதோ தப்புப் பண்ணி இறக்கிவிட்டுவிட்டார்கள் என்று நீ அவரோடு ஒரு தீபாவளி முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லையே, அது இதுதான். அவர் உன்னிடம் சொல்லவேண்டாம் என்றார். நானும் என்னால் முடிந்தவரை வாயை அடக்கிப் பார்த்தேன். இன்றைக்கு முடியவில்லை.

கேட்டிலிருந்து நாங்கள் கிளம்பும்போது அந்த ஆபீசர் உன் அப்பாவிடம் ஒன்று சொன்னார். "பாத்தீங்களா, உங்க சம்சாரம் உடம்போட ஒட்டியிருந்தும் இதுல விழுந்தது இவ்வளவுதான். எதுக்கு இப்படிப் பயந்தீங்க?" அதுவரை யார் சொல்லியும் கேட்காத மனுஷனுக்கு, சொந்த பேட்ஜ் சொன்னதும்தான் நெஞ்சு அடங்கியது. அடுத்த ஸ்கேனுக்கு அறைக்குள்ளேயே வந்து நின்றார். அதற்கடுத்த தடவை ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு தடவையும் கட்டி பசியில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. நடுவே எத்தனை ஆடித் தள்ளுபடி, எத்தனை ஆயிரம் சேலை, உன் பட்டமளிப்பு, உனக்கு வேலை கிடைத்தது, பாயின் பேத்தி கல்யாணத்தில் நான் வாயாடி மூன்று பாஷையில் வாங்கிக்கட்டிக்கொண்டது எல்லாம் நடந்தது. வலிப்பு ஒன்றிரண்டு தடவை எட்டிப்பார்த்தது, மாத்திரையைக் கூட்டினார்கள், போய்விட்டது. உள்ளே ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே குழம்பு கூட்டினேன், தெரிந்துகொண்டே சீட்டியடித்தேன். ஆமாம், எனக்குச் சீட்டியடிக்கத் தெரியும், உன் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே.

மாப்பிள்ளை என்றதும் ஞாபகம் வருகிறது. சூளகிரியிலிருந்து அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, காபி தட்டைக் கீழே வைத்த கையோடு நீ சொன்னாயே, "எங்கம்மாவுக்குத் தலைல கட்டி இருக்குது, அது எப்ப என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது, அதத் தெரிஞ்சிக்கிட்டு மேல பேசுங்க" என்று. எனக்கு உன்னை அங்கேயே நாலு சாத்தலாமா என்று வந்தது. ஆனால் அந்தச் சம்பந்தியம்மா, தக்காளித் தோட்டத்திலிருந்து நேராக வந்தவர், கையில் மண் கறைகூடப் போகவில்லை, அவர் என்ன சொன்னார்? "அதுக்கென்ன கண்ணு, எங்கூட்லயும் ஒவ்வொருத்தர் தலைலயும் ஏதோ ஒண்ணு இருக்கத்தான் இருக்குது. படம் புடிச்சிப் பாக்கல, அவ்ளோதான்" என்றார். நம் வீடே சிரித்தது. இந்த வீட்டுக்குத்தான் நீ போகவேண்டும் என்று நான் அந்த நிமிஷம் முடிவு செய்துவிட்டேன். அப்படிப்பட்டவர்களை நீ இப்போது காத்திருக்கச் சொல்கிறாய்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, கண்ணு. நீயும் உன் அப்பா பெற்ற பெண்தானே. மஞ்சள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சிவப்பு விளக்கு அணையட்டும் என்று காத்திருக்கிறாய். ஃபவுண்டரியில் சோர்ஸ் திரும்பப் பெட்டிக்குள் போய்விடும், கயிற்றை அவிழ்க்கலாம். என்னுடையது எங்கேயும் போகாது. என் கூடவேதான் இருக்கும், நான் இருக்கிறவரை. அதற்காக நீ ஒவ்வொரு தடவையும் கயிறு கட்டிக்கொண்டு நின்றால் எப்போது உள்ளே வருவாய்? உன் அப்பாவுக்கு அத்திப்பள்ளிவரை ஆனது. உனக்கு இத்தனை வருஷம் ஆகியும் புத்தி வரவில்லை.

சரி, ரிசல்ட். ஒன்றையும் மறைக்கமாட்டேன். இந்தத் தடவை கட்டி முழுக்கத் தூங்கவில்லை. முன்பக்கத்து ஓரத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் மருந்தை எடுத்திருக்கிறது. அதிகமில்லை, சாம்பலில் ஒரு ஓரம் லேசாகச் சிவந்திருக்குமே, அந்த அளவு. பொய் சொல்வானேன், அழுதேன். டாக்டரம்மா என்னை அழவிட்டுவிட்டு, அப்புறம் இரண்டு படத்தையும் திருப்பிப் பக்கத்தில் வைத்தார். "அம்மா, இத நல்லா பாருங்க. முழிச்சிக்கிட்டது இந்த முன்பக்க ஓரம். உங்க பேச்சு இருக்கற இடம் இங்க, பின்னால, தள்ளி. அப்போ எங்க கிள்ளறதுன்னே தெரியாது, அதனாலதான் பயந்தோம். இப்போ இந்தப் படமே இடத்தக் காட்டுது. சின்ன ஓட்டை, மெல்லிய ஊசி, இந்த ஓரத்துல மட்டும் தொட்டு எடுத்துடலாம். ஆபத்தே இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா உங்க நாக்குக்கு ரொம்பத் தள்ளி. என்ன ரகம்னு தெரிஞ்சிட்டா அதுக்குத் தகுந்த வைத்தியம் இருக்குது." ஆபரேஷன் டாக்டரும் படத்தைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். நான் அவரிடம் நேராகவே கேட்டேன், "ஆவணியில என் பொண்ணுக்குக் கல்யாணம். தள்ளி வெக்கணுமா?" என்று. "எதுக்கு? இது மெதுவா நகர்ற கட்டி. கல்யாணத்த முடிச்சிட்டு புரட்டாசியில வாங்க. வராம மட்டும் இருந்துடாதீங்க" என்றார். வருவேன். உன் அப்பா இப்போதே காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார்.

அதனால் கேட்டுக்கொள். முகூர்த்தம் தள்ளிப்போகாது. சம்பந்தியம்மாவுக்கு நேற்றே ஆள் அனுப்பிச் சொல்லியாயிற்று, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. உன் பட்டு அரக்கு நிறம், பாய்க்குத் தெரிந்த கடையில் எடுத்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் தொலைந்தாய். ஊசி, வைத்தியம் எல்லாம் அதற்கப்புறம். அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று எனக்கும் தெரியாது. ஆனால் ஆவணி முகூர்த்தத்தில் என் நாக்கு என்னிடம்தான் இருக்கும். பந்தி சரியில்லை என்று சமையல்காரரைத் தெலுங்கில் திட்டுவேன், உன் கன்னடக்காரத் தோழிகளை உட்காரவைத்துப் பேசியே கொல்வேன், உன்னைக் கட்டிக்கொண்டு தமிழில் அழுவேன். அதற்கு நீ வரவேண்டும். நாளைக்கே லீவு எழுதிக் கொடு.

உன் அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். வீடு முழுக்க இடம் கிடக்கிறது, இருந்தும் எனக்கு எழுத இடமில்லாமல் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வரியையும் எட்டிப் பார்க்கிறார். பேட்ஜ் சங்கதியை எழுதியதற்கு என் மேல் கோபமாம். ஏன் இப்படி நெருக்குகிறீர்கள் என்று கேட்டேன். வேறு எங்கேயும் இடமில்லை என்கிறார்.

உன்னைப் பெற்றவள்